கன்தீனா: ஒரு மதுக்கூடச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ பற்றிய பயணக் கட்டுரையிலோ கௌபாய் கதையிலோ இந்தச் சொல் எப்படியும் தலைகாட்டிவிடும். தமிழில் எழுதுகிறவர்கள் "மதுக்கடை" என்றோ "சாராயக்கடை" என்றோ எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படிப் போய்விட முடியாத அளவுக்கு இந்தச் சொல்லுக்குள் சரக்கு இருக்கிறது, அதுவும் நாம் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு சொல்லோடு இதற்கு நேரடி ரத்த உறவு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கன்தீனா என்றால் என்ன?

மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களிலும் உட்கார்ந்து மது குடிக்கும் இடத்துக்குப் பெயர். ஆனால் மெக்சிகோக்காரர்கள் எல்லா மதுக்கூடத்தையும் கன்தீனா என்று சொல்வதில்லை. நட்சத்திர ஹோட்டலில் இருப்பது பார். கன்தீனா என்றால் அந்தத் தெருவில் வேலை பார்க்கிறவர்களும் குடியிருக்கிறவர்களும் மதியம் இரண்டு மணிக்கு வந்து, குடியோடு சாப்பாட்டையும் முடித்து, டோமினோ ஆடி, பாட்டுக்காரர் வந்தால் ஒரு பாட்டுக் கேட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருக்கும் இடம். அங்கே பெரும்பாலான மேசைகளில் தெரிந்த முகங்கள்தான் இருக்கும்.

எப்படி உச்சரிப்பது? கான்டினாவா, கன்தீனாவா?

ஆங்கிலத்தில் கேட்டால் டகர ஓசை வரும், "கான்டீனா" மாதிரி. ஸ்பானிஷில் அது பல்லில் நாக்கு படும் தகரம், அழுத்தம் நடு அசையில், அதனால் தமிழில் "கன்தீனா" என்று எழுதினால் கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. பன்மை கன்தீனாஸ், உள்ளே மது ஊற்றிக் கொடுப்பவர் கன்தினேரோ.

இது சுத்தமான ஸ்பானிஷ் சொல்தானா?

ஆங்கிலம் இதை ஸ்பானிஷிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஸ்பானிஷ் இதை இத்தாலிய மொழியிடமிருந்து எடுத்துக்கொண்டது. இத்தாலியில் கன்தீனா என்றால் மதுக்கூடமே கிடையாது, வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. குளிர்ச்சியாக, இருட்டாக இருக்கும், ஒயின் பீப்பாய் வைப்பார்கள். இன்றைக்கும் அங்கே அடுக்குமாடி வீடு வாங்கினால் கீழ்த்தளத்தில் சாமான் போட்டுவைக்க ஒரு சின்ன அறை கூடவே கிடைக்கும், அதற்குப் பெயரும் கன்தீனாதான். ஒயின் தயாரிக்கும் இடத்தையும் அப்படியே சொல்வார்கள். ஊர் விவசாயிகள் சேர்ந்து திராட்சையைப் போட்டு ஒயின் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் "கன்தீனா சோச்சாலே".

இன்னும் பின்னால் போனால்? பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டும் வழி "கன்தோ", அதாவது மூலை, ஓரம். வீட்டின் ஒரு மூலையில் பொருள் சேர்த்துவைக்கும் இடம் என்று பொருள் விரிந்திருக்கலாம். இந்தக் கன்தோவுக்கு மூலம் லத்தீனில் "கந்துஸ்", வண்டிச் சக்கரத்தைச் சுற்றி அடிக்கும் இரும்புப் பட்டை. இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு தகவல் வருகிறது. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த குவின்டிலியன், லத்தீனுக்குள் புகுந்துவிட்ட வெளியார் சொற்களுக்கு உதாரணம் சொல்லும்போது, ஆப்பிரிக்கச் சொல்லையோ ஸ்பெயின் நாட்டுச் சொல்லையோ லத்தீனில் கலப்பது இப்படித்தான் என்று இந்தச் சக்கரப் பட்டைச் சொல்லையே எடுத்துக்காட்டுகிறார். அவரே இன்றைய ஸ்பெயினில் பிறந்தவர். கெல்ட் குடும்பத்தைச் சேர்ந்த வெல்ஷ் மொழியிலும் விளிம்புக்கு இதே போன்ற சொல் இருப்பதால் இது கெல்ட் மொழிகளிலிருந்து லத்தீனுக்குப் போயிருக்கும் என்று பிற்கால அறிஞர்கள் கருதுகிறார்கள். கெல்ட் மக்கள் வண்டி செய்வதில் கெட்டிக்காரர்கள், ரோமானியர்கள் வண்டி தொடர்பான பல சொற்களை அவர்களிடமிருந்துதான் வாங்கினார்கள், ஆகவே நம்பத்தகுந்த வழிதான்.

சுவிட்சர்லாந்தின் மாநிலங்களைக் "கான்டன்" என்கிறோமே, அதுவும் இதே மூலையிலிருந்து கிளைத்தது. சீனாவின் கான்டனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது குவாங்டோங் என்ற பெயர் ஐரோப்பியர் வாயில் திரிந்தது.

பாட்டுப் பாடும் இடம் என்பதால் கன்தீனா என்று சிலர் சொல்கிறார்களே?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. ஸ்பானிஷில் பாடுவது "கன்தார்", பாட்டு "கன்தோ". ஓரத்துக்கும் கன்தோ, பாட்டுக்கும் கன்தோ, இரண்டும் ஒரே ஒலிப்பு. மெக்சிகோவில் கன்தீனாவுக்குப் போனால் யாராவது பாடிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் இந்தக் கதை ஒட்டிக்கொண்டது. பாட்டு லத்தீன் "கனெரே"யின் வழி, மூலை "கந்துஸ்" வழி. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொல்லைப் பார்த்தவுடன் முடிச்சுப் போடுவது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான்.

நம்ம கேன்டீனுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு, அண்ணன் தம்பி முறை. இத்தாலியக் கன்தீனா ஒரு பக்கம் ஸ்பெயினுக்குப் போனது, இன்னொரு பக்கம் பிரான்சுக்குப் போய்க் "கான்தீன்" ஆனது. பிரெஞ்சில் 17ஆம் நூற்றாண்டில் அது ராணுவத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முதலில் பாட்டில்களை அடுக்கி எடுத்துப்போகும் பெட்டி, பிறகு படை முகாமில் சிப்பாய்களுக்குக் குடியும் தின்பண்டமும் விற்கும் இடம். படையோடேயே நடந்துபோய் விற்கும் பெண்கள் இருந்தார்கள், "கான்தினியேர்" என்று பெயர், சீருடை உடுத்தி, இடுப்பில் ஒரு சின்னப் பீப்பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, சண்டை நடக்கும் இடத்திலும் காயம்பட்டவன் வாயில் பிராந்தி ஊற்றியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியங்களில் இவர்களை நிறையப் பார்க்கலாம்.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இதைக் "கேன்டீன்" என்று எடுத்துக்கொண்டது, அங்கேயும் முதலில் ராணுவச் சொல்தான். பிரிட்டிஷ் படை முகாம்களில் ஈரக் கேன்டீன், உலர்ந்த கேன்டீன் என்று இரண்டு வகை இருந்தன. ஈரமானதில் பீர் முதலான மது கிடைக்கும், உலர்ந்ததில் மளிகை, சோப்பு, தின்பண்டம். சிப்பாய் தண்ணீர் எடுத்துப்போகும் குடுவைக்கும் கேன்டீன் என்றே பெயர் வந்தது. தொழிற்சாலைகள் பெருகி வேலையாட்களுக்கு அங்கேயே சாப்பாடு போட ஆரம்பித்தபோது சொல் முகாமிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மது வாசனை போய் இட்லி வாசனை வந்தது.

முழுக்கப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. 1948இல் தொடங்கிய இந்திய ராணுவத்தின் கேன்டீன் ஸ்டோர்ஸ் நிறுவனம் மளிகையும் விற்கிறது, மதுவும் விற்கிறது. ஊரில் ஓய்வுபெற்ற ராணுவத்தார் வாங்கிவரும் "மிலிட்டரி சரக்கு" அங்கிருந்து வருவதுதான். சொல்லின் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கும் இடம் இது. அதனால் மெக்சிகோவின் கன்தீனாவில் ஏன் மது, நம்ம கேன்டீனில் ஏன் காபி என்று யாராவது கேட்டால், நடுவில் ராணுவக் கேன்டீனை வைத்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்துவிடும்.

எல்லா ஸ்பானிஷ் நாடுகளிலும் கன்தீனா என்றால் மதுக்கூடம்தானா?

இல்லை, இங்கே கவனமாக இருக்க வேண்டும். ஸ்பெயினில் கன்தீனா என்றால் பெரும்பாலும் ரயில் நிலையத்திலோ படைமுகாமிலோ வேலையிடத்திலோ இருக்கும் சிற்றுண்டிச்சாலை, நம்ம கேன்டீனுக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே குடிக்கப் போகும் இடம் பார், அல்லது தபெர்னா. அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தை ஒட்டிய லா போகா பகுதியில் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்திய சாப்பாட்டுக்கடைகளுக்குக் கன்தீனா என்று பெயர். போர்த்துகீசு பேசும் பிரேசிலில் சாவோ பாவ்லோவிலும் இதே கதை, இத்தாலியச் சாப்பாட்டுக்கடை, கூடவே பள்ளிக்கூடக் கேன்டீனுக்கும் அதே சொல். கொலம்பியாவில் பால் ஊற்றிக் கொண்டுபோகும் உலோகக் கேனுக்குக் கன்தீனா என்பார்கள்.

ஸ்பானிஷுக்கு வெளியே போனாலும் நிற்காது. ஜெர்மனியில் "கன்டீன" என்றால் அலுவலக உணவகம். துருக்கியில் "கன்தீன்", மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் "கன்தின்", பிலிப்பைன்ஸில் "கன்தினா", பெரும்பாலும் சாப்பிடும் இடம்தான். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இடைவேளையில் ஓடும் இடமே அது. கனடாவில் டொரோன்டோவின் இத்தாலியக் குடும்பங்களில் வீட்டு முன்வாசலுக்கு அடியில் ஒரு குளிர் அறை இருக்கும், வீட்டிலேயே எடுத்த ஒயின், பாட்டில் பாட்டிலாகத் தக்காளிச் சாறு, மேலே தொங்கும் சலாமி, அதைக் கன்தீனா என்று ஆங்கிலத்தில் பேசும்போதும் சொல்கிறார்கள். அங்கே சொல் தன் பிறந்த வீட்டுப் பொருளிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்துக்குள் மதுக்கூடம் என்ற பொருளில் எப்படிப் போனது?

நிலம் கைமாறியதால். டெக்சஸ் 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. 1846 முதல் 1848 வரை மெக்சிகோவோடு போர், முடிவில் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி கலிபோர்னியா உட்பட வடக்கே இருந்த பரந்த நிலத்தை மெக்சிகோ இழந்தது. ஸ்பானிஷ் பேசும் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடு அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. புதிதாக வந்த ஆங்கிலம் பேசும் மாட்டுப்பண்ணைக்காரர்கள் அவர்களிடமிருந்து தொழிலையும் சொற்களையும் கற்றார்கள். ராஞ்ச் (மாட்டுப்பண்ணை), லாசோ (சுருக்குக் கயிறு), ரோடியோ (மாடு, குதிரை அடக்கும் விளையாட்டு), கூடவே கன்தீனா. அந்தப் பகுதியில் குதிரைச் சேணத்தில் மாட்டும் பைக்கும் கன்தீனா என்று சொல்லியிருக்கிறார்கள், அது அமெரிக்க அகராதிகளில் இன்றைக்கும் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது பெரிய தள்ளு 1920இல் வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு, 1933 வரை நீடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தடை இல்லை. தீஹுவானா, சியுதாத் ஹுவாரெஸ் போன்ற எல்லை ஊர்களின் கன்தீனாக்களுக்கு அமெரிக்கர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். கியூபாவுக்கும் கப்பலேறிப் போனார்கள். கியூபாவில் கன்தினேரோ என்பது ஒரு கௌரவமான தொழிலாக நின்றது, 1924இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள், கலவை பானங்களின் அளவையும் செய்முறையையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்புறம் 1977. ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் பாலைவனக் கிரகம் ஒன்றில் பல கிரகத்து ஆட்கள் கூடும் குடிக்கூடத்துக்குக் கன்தீனா என்றே பெயர். மெக்சிகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகளுக்கும் அதனால் சொல் தெரிந்துவிட்டது. எல்லையோரம், புழுதி, அந்நியர்கள், எப்போது வேண்டுமானாலும் சண்டை வரும் என்ற ஒரு படிமத்தையும் அது கூடவே கொண்டுபோனது. இந்தப் படிமம் கௌபாய் படங்கள் உண்டாக்கியது. மெக்சிகோ சிட்டியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதியம் கன்தீனாவில் நடப்பது பெரும்பாலும் வயதானவர்கள் சூப் குடித்துக்கொண்டு அரசியல் பேசுவது.

மெக்சிகோவில் கன்தீனாக்கள் எப்போது வந்தன?

19ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு முன்னே ஒயின் விற்கும் தபெர்னாக்களும், மகேய் செடியின் சாற்றைப் புளிக்கவைத்த புல்கே விற்கும் புல்கெரியாக்களும் இருந்தன. 1847இல் அமெரிக்கப் படை மெக்சிகோ சிட்டியைப் பிடித்து உட்கார்ந்தபோது அந்தச் சிப்பாய்கள் தங்கள் ஊர் மாதிரி நின்றுகொண்டு குடிக்கும் இடமும் கலந்த பானங்களும் கேட்டார்கள், அதிலிருந்துதான் இந்த வகைக் கடை வளர்ந்தது என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். 1860களில் பிரெஞ்சுப் படையும் வந்து போனது. 1876 முதல் 1911 வரை, இடையில் நான்கு வருடம் நீங்கலாக, ஆட்சியில் இருந்த போர்ஃபிரியோ தியாஸ் காலத்தில் செதுக்கிய மரப்பலகை, பெரிய கண்ணாடி என்று ஐரோப்பிய அலங்காரத்தோடு கன்தீனாக்கள் பெருகின.

தலைநகரில் தேசிய அரண்மனைக்குப் பக்கத்தில் மொனேதா தெருவில் "எல் நிவெல்" என்று ஒன்று இருந்தது. 1855இல் தொடங்கியது. 1872இல் ஜனாதிபதி லெர்தோ தே தெஹாதா காலத்தில் உரிமம் கொடுக்க ஆரம்பித்தபோது முதல் எண் உரிமம் இதற்குத்தான், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்தார்கள். கட்டடம் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது, நீண்ட வழக்குக்குப் பிறகு 2008 ஜனவரியில் கன்தீனா மூடப்பட்டது. பல்கலைக்கழகத்தின் உரிமையை நான் மறுக்கவில்லை, ஆனால் 150 வருடம் ஒரே இடத்தில் மக்கள் கூடிய ஓர் அறையை மூடினால் அதைத் திரும்ப வேறிடத்தில் கட்ட முடியாது, அது ஒரு நஷ்டம்தான்.

இருப்பவற்றில் 1876இல் தொடங்கிய "லா ஓபேரா" பெயர்பெற்றது. கூரையில் ஒரு துப்பாக்கிக் குண்டு ஓட்டை இருக்கிறது, மெக்சிகோப் புரட்சியின் தளபதி பாஞ்சோ வில்லா சுட்டது என்று எல்லோருக்கும் காட்டுவார்கள். வில்லாவின் படை 1914 டிசம்பரில் தலைநகருக்குள் வந்தது உண்மை, குண்டு அவருடையதா என்பது அந்தக் கூரைக்குத்தான் வெளிச்சம். பாஹா கலிபோர்னியாவின் என்செனாதா ஊரில் ஹுசாங் என்ற ஜெர்மானியர் 1892இல் தொடங்கியது இன்னும் நடக்கிறது. மரியாச்சிப் பாட்டுக்குப் பெயர்போன கரிபால்தி சதுக்கத்தில் "தெனாம்பா" 1925இலிருந்து இருக்கிறது.

உள்ளே போனால் என்ன இருக்கும்?

பழைய ஒன்று என்றால் வாசலில் இரண்டு பக்கமும் ஆடும் அரைக்கதவு. அதற்குக் காரணம் இருக்கிறது, காற்று வரும், உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெருவில் போகிறவருக்குத் தெரியாது. உள்ளே நீளமான மரப்பலகை மேடை, காலை வைத்துக்கொள்ள அடியில் பித்தளைக் குழாய். மிகப் பழையவற்றில் அந்த மேடையின் அடியை ஒட்டித் தரையில் ஓடு பதித்த ஒரு வாய்க்கால் ஓடும். ஆண்கள் மட்டும் போன காலத்தில் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிக்கக் கட்டியது அது. இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் சில இடங்களில் வாய்க்கால் அப்படியே இருக்கிறது.

முக்கியமானது "பொத்தானா". குடிக்கு வாங்கும் காசிலேயே சாப்பாடும் வந்துவிடும், தனியாகக் காசு கிடையாது. முதல் பானத்தோடு உலர்ந்த இறாலில் வைத்த சூப் ஒரு சின்னக் கிளாஸில் வரும், மிளகாய்க் காரத்தோடு சிவப்பாக, சுடச்சுட, மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும். அடுத்த பானத்துக்கு தக்கோ (உள்ளே கறி வைத்து மடித்த சோளரொட்டி) அல்லது பீன்ஸ் போட்ட தொஸ்தாதா (மொறுமொறுவென்று பொரித்த சோளரொட்டி). அதற்கடுத்து கனமான ஏதாவது, பன்றிக்காலை மணிக்கணக்கில் வேகவைத்து எலும்பிலிருந்து கறி தானே கழன்றுவரும்படி செய்த "சமோர்ரோ" வந்தால் அது நல்ல கன்தீனா. எத்தனை பானம் வாங்குகிறோமோ அதற்கேற்ப அடுத்தடுத்த தட்டு ஏறிக்கொண்டே போகும். மதியத்திலிருந்து சுமார் ஐந்து மணிவரைதான் இது நடக்கும். கணக்குப் பார்த்தால் சாப்பாட்டு விலை மதுவின் விலையில் ஒளிந்திருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் மேசையில் கேட்காமலேயே தட்டு வந்து உட்காரும் சந்தோஷம் வேறு. இப்போது நிறைய இடங்களில் பொத்தானாவை நிறுத்திவிட்டு விலைப்பட்டியல் நீட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பொத்தானா போன இடத்தில் பலகை மட்டும்தான் கன்தீனா என்று சொல்லும்.

மேசையில் டோமினோ கட்டைகளைக் கலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "குபிலேத்தே" என்று தோல் குவளையில் பகடை குலுக்கும் ஆட்டமும் உண்டு. திடீரென்று ஓர் ஆள் இரண்டு உலோகக் குழாய்களைக் கிணுகிணு என்று தட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவார். அவர் தோளில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும், அதில் பேட்டரியும் ஒரு திருகும். மேசையில் இருப்பவர்கள் கைகோத்து வட்டமாக நிற்பார்கள், இரண்டு முனையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு குழாயைப் பிடிப்பார்கள், அவர் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, கை முறுக்கிக்கொள்ளும், முதலில் கையை விடுகிறவர் தோற்றார். மின்சார அதிர்ச்சிக்குக் காசு கொடுக்கிறார்கள்! "தோகேஸ்" என்று பெயர், பரம்பரையாக இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெண்கள் போகலாமா?

இப்போது போகலாம், போகிறார்கள். ஆனால் 1980களின் தொடக்கம்வரை மெக்சிகோ சிட்டியில் பெண்கள் கன்தீனாவுக்குள் வரக் கூடாது என்பது சட்டமாகவே இருந்தது. பெண்கள், சிறுவர்கள், சீருடை அணிந்தவர்கள், தெருவியாபாரிகள் உள்ளே வரத் தடை என்று வாசலில் பலகை தொங்கும். சில கன்தீனாக்களில் அந்தப் பழைய பலகையை அலங்காரத்துக்காக இன்னும் வைத்திருக்கிறார்கள். சட்டம் மாறிய பிறகும் பல பழைய கடைகளில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது, சட்டம் திறந்த கதவைக் கட்டடம் பல வருடம் மூடிவைத்திருந்தது. அந்தப் பழைய நாட்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிற ஆண்கள் நிறைய, அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கு இல்லை. பொத்தானாவும் டோமினோவும் பெண்கள் வந்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

புல்கெரியா, பொதேகா, தபெர்னா எல்லாம் கன்தீனாவா?

புல்கெரியாவில் புல்கே மட்டும்தான் பிரதானம். பார்க்கக் கற்றாழை போலிருக்கும் மகேய் செடியின் நடுவில் குடைந்து ஊறும் சாற்றை எடுத்துப் புளிக்கவைத்தது, வெள்ளையாகக் கொழகொழவென்று இருக்கும், ஸ்பானியர் வருவதற்கு முந்தையது. கன்தீனாவில் தெகீலா, பிராந்தி, ரம், பீர்.

பொதேகா என்றால் ஸ்பானிஷில் ஒயின் நிலவறை, கிடங்கு, கப்பலின் சரக்கறை. நியூயார்க்கில் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களும் தொமினிக்கர்களும் தெருமுனையில் மளிகைக் கடை வைத்ததால் அங்கே பொதேகா என்றால் மளிகைக் கடை. மூலம் கிரேக்கத்தில் "அப்போதேக்கே", சேமிப்பு அறை. தபெர்னா லத்தீனில் குடிசை, பிறகு கடை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கன்தீனா, பொதேகா, தபெர்னா மூன்றிலுமே மது என்ற பொருள் வேரில் கிடையாது. நிலவறை, கிடங்கு, குடிசை, அவ்வளவுதான். "பார்" என்பதே குறுக்கே போட்ட கட்டை. புல்கெரியாவும் நம்ம கள்ளுக்கடையும் மட்டும் உள்ளே என்ன விற்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகின்றன.

தமிழுக்குள் இந்தக் குடும்பத்துச் சொல் வேறு ஏதாவது இருக்கிறதா?

கேன்டீன் தவிர, இலங்கைத் தமிழில் "தவறணை" இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணை என்றால் எல்லோருக்கும் தெரியும். தபெர்னாவின் வழித்தோன்றல் அது, ஐரோப்பிய ஆட்சிக் காலத்தில் வந்து சேர்ந்த சொல். சிங்களத்திலும் "தெபெருமா" என்று இதன் உடன்பிறப்பு உண்டு. தவறணை என்று கேட்கும்போது "தவறு" ஞாபகத்துக்கு வருவதால் அதிலிருந்து வந்திருக்குமோ என்று நினைப்பவர்கள் உண்டு, மேலே சொன்ன பாட்டுக் கதை மாதிரிதான் இதுவும்.

மெக்சிகோ நடிகர் கன்டின்ஃப்ளாஸ் பெயர் இதிலிருந்து வந்ததா?

மரியோ மொரேனோ, 1911இல் மெக்சிகோ சிட்டியில் பிறந்து 1993இல் இறந்த பெரும் நகைச்சுவை நடிகர். கூடாரக் கொட்டகைகளில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ கூட்டத்திலிருந்து, கன்தீனாவில் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாய் என்ற பொருளில் கத்தியதாகவும், அந்தச் சொற்கள் சுருங்கிப் பெயரானதாகவும் ஒரு கதை பல வடிவங்களில் உலவுகிறது. கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உறுதியானது வேறொன்று: எதையும் சொல்லாமல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகும் அவருடைய பாணியிலிருந்து "கன்டின்ஃப்ளேயார்" என்று ஒரு வினைச்சொல்லே பிறந்து, 1992இல் ஸ்பானிய அகாடமியின் அகராதியில் ஏறியது.

சரி, மொழிபெயர்க்கும்போது தமிழில் என்ன போடுவது?

"சாராயக்கடை" வேண்டாம், அது காய்ச்சிய சரக்கையும் ஒரு தாழ்ந்த பார்வையையும் கொண்டுவந்துவிடும். "பார்" என்று போட்டால் நியூயார்க்குக்கும் மெக்சிகோவுக்கும் வித்தியாசம் போய்விடும். கதை மெக்சிகோவில் நடந்தால் கன்தீனா என்றே எழுதுங்கள், முதல் தடவை வரும்போது ஒரு தட்டுப் பொத்தானாவையோ ஒரு டோமினோ மேசையையோ பக்கத்தில் வைத்தால் வாசகருக்குத் தானாகப் புரியும். ஆனால் கதை ஸ்பெயினில் ஒரு ரயில் நிலையத்தில் நடக்கிறது, கன்தீனாவில் காபி குடித்தார்கள் என்று வருகிறது என்றால், அங்கே யோசிக்கவே வேண்டாம், கேன்டீன் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.